உங்களுக்குத் தெரியுமா? முதலாளி கைக்காசு போட்டுப் பங்கு வாங்கும்போது

2016 பிப்ரவரி 11. அந்த ஆண்டு பிறந்ததிலிருந்தே அமெரிக்க வங்கிப் பங்குகள் விழுந்துகொண்டிருந்தன. அன்று ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் தலைவர் ஜேமி டைமன், தன் சொந்தப் பணத்தில் தன் வங்கியின் பங்குகளை 5 லட்சம் எண்ணிக்கையில் வாங்கினார். ஒரு பங்கு சுமார் 53 டாலர்; மொத்தம் 2.66 கோடி டாலர். எஸ் அண்ட் பி 500 குறியீட்டெண் அந்த ஆண்டின் மிகத் தாழ்ந்த நிலையில் முடிந்ததும் அதே நாளில்தான். அதற்கு 'டைமன் பாட்டம்' என்றே வால் ஸ்ட்ரீட்டில் பெயர் விழுந்துவிட்டது.

*

இதே டைமன் 2009 ஜனவரியிலும் 5 லட்சம் பங்குகள் வாங்கியிருந்தார். அந்தக் கதையை அதிகம் பேர் சொல்வதில்லை. அப்போது விலை சுமார் 23 டாலர். மார்ச் தொடக்கத்தில் பங்கு 16 டாலருக்கும் கீழே போனது. அவரைப் பார்த்து வாங்கியவர் இரண்டே மாதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியை இழந்து நின்றிருப்பார். பயந்து விற்காமல் சில ஆண்டுகள் வைத்திருந்தால் நல்ல லாபம். வங்கிக்குள் என்ன இருக்கிறது என்பது டைமனுக்குத் தெரியும். சந்தை எந்த நாளில் திரும்பும் என்பது அவருக்கும் தெரியாது. உள்ளிருப்பவர்களின் வாங்கலைப் பார்த்து முதலீடு செய்ய நினைப்பவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இந்த 2009-ஐத்தான், 2016-ஐ அல்ல.

*

நிறுவனத்தை நடத்துபவர் தன் பங்கை வாங்கினாலோ விற்றாலோ ஊருக்குச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் எப்படி வந்தது தெரியுமா? 1929-ல் நியூயார்க் சந்தை சரிந்தபோது, சேஸ் நேஷனல் வங்கியின் தலைவர் ஆல்பர்ட் விக்கின் தன் சொந்த வங்கியின் பங்கையே ஷார்ட் செய்து, அதாவது விலை விழும் என்று முன்கூட்டியே விற்று, 40 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தார். அதற்கான கடனில் பெரும் பகுதியும் அதே வங்கியிலிருந்து வந்தது. ஃபெர்டினாண்ட் பெக்கோரா நடத்திய செனட் விசாரணையில் இது வெளியே வந்தபோது நாடே கொதித்தது. 1934-ன் பங்குச் சந்தைச் சட்டத்தில் 16-ஆவது பிரிவு பிறந்தது: அதிகாரிகள், இயக்குநர்கள், 10 சதவிகிதத்துக்கு மேல் வைத்திருப்பவர்கள் தங்கள் பரிவர்த்தனையை அறிவிக்க வேண்டும், தன் நிறுவனப் பங்கை ஷார்ட் செய்யவே கூடாது, ஆறு மாதத்துக்குள் வாங்கி விற்ற லாபம் நிறுவனத்துக்கே போக வேண்டும்.

*

அதே 1934-ல்தான் பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாடும் எழுதிய 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' வெளிவந்தது. வேல்யூ முதலீட்டின் மூலநூலும், உள்ளிருப்பவர்களின் கணக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த சட்டமும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள். கிரஹாமுக்குப் பங்குத் தரகராக இருந்த டிவீடி பிரவுன் நிறுவனம், 1992-ல் எந்தெந்த முதலீட்டு முறைகள் பலன் தந்தன என்று ஆராய்ச்சிகளைத் தொகுத்துச் சிறுநூல் வெளியிட்டது. அதில் மலிவான பி.இ., புத்தக மதிப்புக்குக் கீழான விலை ஆகியவற்றோடு உள்ளிருப்பவர்களின் வாங்கலுக்கும் தனி இடம் உண்டு.

*

இந்தியாவில் செபியின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, புரமோட்டர், புரமோட்டர் குழுவினர், இயக்குநர், நிறுவனம் குறித்துவைத்திருக்கும் முக்கிய ஊழியர் ஆகியோர் ஒரு காலாண்டில் ₹10 லட்சத்துக்கு மேல் பரிவர்த்தனை செய்தால், இரண்டு வர்த்தக நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அந்தத் தகவல் என்.எஸ்.இ., பி.எஸ்.இ. இணையதளங்களில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. டெலிகிராம் குழுவில் பணம் கட்டி 'புரமோட்டர் வாங்குறார்' என்ற டிப்ஸ் பெறுகிறவர்களை நினைத்தால் மனம் வலிக்கிறது. அவர்கள் காசு கொடுத்து வாங்கும் செய்தி சந்தையின் சொந்தத் தளத்தில் ஏற்கெனவே கிடக்கிறது, அதுவும் கூடுதல் விவரங்களோடு.

*

அந்தக் கூடுதல் விவரத்தில்தான் விஷயமே இருக்கிறது. அறிவிப்பில் 'எந்த வழியில் பெற்றார்' என்று ஒரு கட்டம் உண்டு. பலர் பங்குகளின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அங்கே 'சந்தையில் வாங்கியது' என்றிருந்தால், உங்களையும் என்னையும் போல அன்றைய விலையைக் கொடுத்து வாங்கியிருக்கிறார். இதுதான் கவனிக்க வேண்டிய வாங்கல். 'புரமோட்டர்களுக்குள் கைமாற்றம்' என்றிருந்தால் அப்பா பெயரிலிருந்து மகன் பெயருக்குப் போயிருக்கிறது. குடும்பத்துக்கு வெளியே ஒரு ரூபாயும் போகவில்லை. 'அன்பளிப்பு' என்பதும் அப்படியே. ஊழியர்களுக்கான பங்குத் திட்டத்தில் வந்தது என்றால் அது சம்பளத்தின் ஒரு பகுதி. இந்த மூன்றும் லட்சக்கணக்கான பங்குகளாகப் பட்டியலில் நிற்கும். அதைப் பார்த்து 'புரமோட்டர் பங்கை அள்ளுகிறார்' என்று செய்தி போடுபவர்களும் உண்டு.

வாரண்ட் தனி ரகம். நிறுவனம் புரமோட்டருக்கு முன்னுரிமை அடிப்படையில் வாரண்ட் ஒதுக்கினால், அவர் முதலில் 25 சதவிகிதப் பணம் கட்டினால் போதும். மீதிக்கு 18 மாதம் அவகாசம். விலை ஏறினால் மீதியைக் கட்டிப் பங்காக மாற்றிக்கொள்வார். ஏறாவிட்டால் கட்டிய 25 சதவிகிதத்தை விட்டுவிட்டு ஒதுங்கலாம். நிறுவனத்துக்குள் புதுப் பணம் வருகிறது என்ற அளவில் நல்லதுதான். ஆனால் முழுப் பணத்தையும் இன்றே போட்டுச் சந்தையில் வாங்குபவரின் நம்பிக்கையும் இதுவும் ஒன்றல்ல.

*

அமெரிக்காவில் இந்தப் பிரிவினை இன்னும் எளிது. 'ஃபார்ம் 4' என்ற படிவத்தில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஓர் எழுத்து. சந்தையில் வாங்கினால் 'பி', விற்றால் 'எஸ்', நிறுவனம் கொடுத்தால் 'ஏ', அன்பளிப்பு 'ஜி'. 'பி'-யை மட்டும் வடிகட்டிப் பார்த்தாலே பெரும்பாலான இரைச்சல் அடங்கிவிடும்.

*

விற்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம்: மகள் கல்யாணம், வீடு, வரி, விவாகரத்து, ஒரே பங்கில் எல்லாப் பணமும் கிடக்கிறதே என்ற கவலை. தன் பணத்தைப் போட்டு வாங்குவதற்கு, விலை ஏறும் என்ற எண்ணத்தைத் தவிர வேறு காரணம் அநேகமாக இல்லை. ஃபிடெலிட்டி மெகெல்லன் ஃபண்டை 1977 முதல் 1990 வரை நடத்திய பீட்டர் லிஞ்ச் முதலீட்டாளர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் இது.

ஜேமி டைமனையே மறுபடி எடுத்துக்கொள்வோம். 2024 பிப்ரவரியில், தலைவரான பிறகு முதல்முறையாகச் சுமார் 15 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை விற்றார். அதைப் பார்த்துப் பதறி விற்றவர்களுக்கு நஷ்டம்தான். அப்போது சுமார் 183 டாலராக இருந்த பங்கு, அந்த ஆண்டு முடிவில் 230 டாலரைத் தாண்டியிருந்தது.

*

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? ஜோசப் லகோனிஷோக்கும் இன்மூ லீயும் 1975 முதல் 1995 வரையிலான அமெரிக்கப் பரிவர்த்தனைகளை ஆராய்ந்து 2001-ல் வெளியிட்டார்கள். உள்ளிருப்பவர்களின் வாங்கல் பின்னால் வரும் ஏற்றத்தைக் காட்டியது. விற்றல் எதையும் காட்டவில்லை. வாங்கலின் பலனும் முக்கியமாகச் சிறிய நிறுவனங்களில்தான். இது புரிந்துகொள்ளக்கூடியது. பெரிய நிறுவனத்தை நூறு அனலிஸ்ட்கள் தினமும் அலசுகிறார்கள். தலைவருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஏற்கெனவே விலையில் ஏறியிருக்கும். ஓசூரிலோ கரூரிலோ இருக்கும் ஒரு சிறு நிறுவனத்தை எந்த அனலிஸ்டும் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே முதலாளிக்குத் தெரிந்ததற்கும் சந்தைக்குத் தெரிந்ததற்கும் இடைவெளி அதிகம்.

*

உள்ளிருப்பவர்கள் பொதுவாகக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடப்பவர்கள். மைக்கேல் ரோசெஃப், மீர் ஜமான் இருவரும் 1998-ல் காட்டியது இதைத்தான்: எல்லோரும் துரத்தும் வளர்ச்சிப் பங்குகளிலிருந்து, யாரும் சீண்டாத மலிவுப் பங்குகளை நோக்கி நகர நகர, உள்ளிருப்பவர்களின் வாங்கல் கூடிக்கொண்டே போகிறது.

வேல்யூ முதலீட்டாளருக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? மலிவான பங்கைக் கண்டுபிடிப்பது இன்று கஷ்டமே இல்லை. ஏதாவது ஒரு ஸ்க்ரீனரில் பி.இ. 8-க்குக் கீழ், விலை புத்தக மதிப்புக்குக் கீழ் என்று போட்டால் பட்டியல் வந்து கொட்டும். அதில் சில, சந்தை அவசரப்பட்டு அடித்துப்போட்டவை. பல, நியாயமாகவே மலிவானவை: தொழில் செத்துக்கொண்டிருக்கிறது, கடன் கழுத்தை நெரிக்கிறது, லாபக் கணக்கே சந்தேகத்துக்குரியது. 'வேல்யூ ட்ராப்' என்று சொல்வது இந்த இரண்டாவது வகையைத்தான். ஆண்டறிக்கையின் எண்கள் நேற்றைய நிலையைத்தான் சொல்கின்றன. இந்த மாதம் ஆர்டர் வருகிறதா, பெரிய வாடிக்கையாளர் பணம் கொடுத்தாரா, புதிய மெஷின் ஓடத் தொடங்கியதா என்பதெல்லாம் உள்ளே இருப்பவருக்கு நாள்தோறும் தெரியும். தன் கிணற்றில் ஊற்று எவ்வளவு என்று அறிந்த விவசாயி பக்கத்துக் காட்டையும் விலைக்குக் கேட்டால், மற்றவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்க்கத்தான் வேண்டும்.

திரும்பிப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்க அல்ல. அந்த வாங்கல், 200 பெயர் கொண்ட பட்டியலில் எந்தப் பத்து நிறுவனங்களின் ஆண்டறிக்கையை முதலில் திறக்கலாம் என்று சொல்கிறது. பணப்புழக்கம், கடன், வரவேண்டிய பாக்கி, ஆடிட்டரின் குறிப்பு ஆகியவற்றைப் படிக்கும் வேலை அப்படியே உங்களுக்காகக் காத்திருக்கிறது.

*

1987 அக்டோபர் 19-ல் டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவிகிதம் சரிந்தது. அந்தப் பீதியில் உள்ளிருப்பவர்கள் என்ன செய்தார்கள் என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நெஜாத் செய்ஹுன் ஆராய்ந்தார். அதிகம் விழுந்த பங்குகளை அவர்கள் அதிகம் வாங்கியிருந்தார்கள். அவர்கள் வாங்கியவை 1988-ல் கூடுதலாக ஏறின.

*

வாங்கியவர் யார் என்பதும் முக்கியம். தலைமை நிர்வாகி வாங்கினால் பத்திரிகையில் படத்தோடு வரும். ஆனால் நிதித் தலைவரான சி.எஃப்.ஓ.வின் வாங்கலுக்குப் பின்னால் வந்த லாபம், சி.இ.ஓ.வின் வாங்கலைவிடக் கூடுதல் என்று 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. வங்கிக் கணக்கில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று அறிந்தவர் அவர். நிறுவனத்தின் முகமாக நின்று நம்பிக்கை ஊட்ட வேண்டிய கட்டாயமும் அவருக்குக் குறைவு. சி.எஃப்.ஓ., ஆலைத் தலைவர், ஒரு சுயேச்சை இயக்குநர் என்று மூன்று நான்கு பேர் ஒரே மாதத்தில் தனித்தனியாக வாங்கியிருந்தால், அதை நான் ஒரு புரமோட்டரின் பெரிய வாங்கலைவிட மேலாக மதிப்பேன்.

*

ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் வாங்குபவரின் வாங்கலில் செய்தி இல்லை. லாரன் கோஹன், கிறிஸ்டோபர் மல்லாய், லூகாஸ் பொமோர்ஸ்கி மூவரும் 2012-ல் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார்கள். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒரே மாதத்தில் பரிவர்த்தனை செய்பவர் 'வழக்கக்காரர்'. மற்றவர் 'சமயம் பார்ப்பவர்'. சமயம் பார்ப்பவர்களைப் பின்தொடர்ந்தால் மாதத்துக்கு 0.82 சதவிகிதம் கூடுதல் வருமானம். வழக்கக்காரர்களைப் பின்தொடர்ந்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. போனஸ் வந்தவுடன் கொஞ்சம் பங்கு வாங்கும் இயக்குநரையும், பத்து ஆண்டுகளில் முதல்முறையாக வாங்கும் இயக்குநரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

*

வாங்கிய தொகையைப் பார்த்து மலைக்காதீர்கள். ஆண்டுக்கு ₹20 கோடி சம்பளம் வாங்குபவர் ₹50 லட்சத்துக்குப் பங்கு வாங்குவது பெரிய தியாகமல்ல. ஆண்டுக்கு ₹60 லட்சம் வாங்கும் அதிகாரி ₹40 லட்சத்துக்கு வாங்கினால் நிமிர்ந்து உட்காருங்கள்.

*

இந்தியப் புரமோட்டர்கள் ஏன் ஒரேயடியாக வாங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறார்கள்? 25 சதவிகிதத்துக்கு மேல் வைத்திருப்பவர் ஒரு நிதியாண்டில் 5 சதவிகிதம் வரைதான் ஓப்பன் ஆஃபர் இல்லாமல் கூட்டிக்கொள்ளலாம். மொத்தம் 75 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. மார்ச் 31-க்குள் ஒருவர் இந்த 5 சதவிகிதத்தைத் தீர்த்துவிட்டு, ஏப்ரலில் புதிய கணக்கு தொடங்கியதும் மறுபடி வாங்கத் தொடங்கினால், அவர் வாயால் சொல்லாததை அந்தத் தேதிகள் சொல்லிவிடும்.

*

இனி வலிக்கும் பக்கம். செசபீக் எனர்ஜியின் தலைவர் ஆப்ரி மெக்லெண்டன், அமெரிக்காவில் தன் நிறுவனப் பங்கை ஓயாமல் வாங்கியவர்களில் முக்கியமானவர். 2008 ஜூலையில், விலை உச்சத்தை ஒட்டி நின்றபோதும் வாங்கினார். ஆனால் அதில் கடன் பணம் கலந்திருந்தது. அக்டோபரில் சந்தை உடைந்ததும் தரகர்கள் மார்ஜின் கேட்டார்கள். சில நாட்களுக்குள் 3 கோடிக்கும் மேற்பட்ட பங்குகள், ஏறத்தாழ அவரிடம் இருந்த அத்தனையும், அடிமாட்டு விலைக்குப் போயின. அவர் பொய் சொல்லவில்லை, நடிக்கவும் இல்லை. முழுமனதோடு நம்பித்தான் வாங்கினார். அந்த நம்பிக்கை கடனில் நின்றதால், அவரே தன் பங்கை வீழ்த்தும் விற்பனையாளராக மாற வேண்டிவந்தது.

நம் நாட்டில் இதற்கு இணையாகப் பார்க்க வேண்டியது அடமானம். கணக்கு மோசடியில் கவிழ்ந்த சத்யம் கம்ப்யூட்டர்ஸில் புரமோட்டர்கள் பங்குகளை அடகு வைத்திருந்ததும், கடன் கொடுத்தவர்கள் அவற்றை விற்றுத் தீர்த்ததும் நெருக்கடி முற்றிய பிறகுதான் பொதுமக்களுக்குத் தெரிந்தது. 2009 ஜனவரியிலேயே செபி, புரமோட்டர் அடமானத்தை அறிவிப்பது கட்டாயம் என்றாக்கியது. ஆகவே 'புரமோட்டர் வாங்கினார்' என்று படித்தவுடன், காலாண்டு முடிந்த 21 நாட்களுக்குள் வெளிவரும் பங்குதாரர் பட்டியலைத் திறந்து அடமானக் கட்டத்தைப் பாருங்கள். ஒரு கையால் வாங்கி மறு கையால் அடகு வைப்பவரின் வாங்கல், தன் பங்கின் விலையைத் தாங்கிப் பிடிக்கும் முயற்சியாகவும் இருக்கலாம்.

*

என்ரான் நிறுவனத்தின் தலைவர் கென்னத் லே, 2001 செப்டம்பர் 26-ல் தன் ஊழியர்களிடம், தான் அண்மையில் நிறுவனப் பங்குகளை வாங்கியிருப்பதாகச் சொன்னார். அது உண்மைதான். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் அதைப்போலப் பல மடங்கு மதிப்புள்ள பங்குகளை நிறுவனத்திடமே கொடுத்துத் தன் கடனை அடைத்துக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்லவில்லை. நிறுவனத்துக்கே திருப்பி விற்பதை ஆண்டு முடிந்த பிறகு அறிவித்தால் போதும் என்று அன்றைய விதி இடம் கொடுத்தது. நம்பிய ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பு கரைந்துபோனது. டிசம்பரில் என்ரான் திவால். 2002-ல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் அந்த ஓட்டையை அடைத்து, எல்லாவற்றையும் இரண்டு வேலை நாட்களுக்குள் அறிவிக்கச் சொன்னது. அதற்கு முன்பு அடுத்த மாதம் 10-ஆம் தேதி வரை அவகாசம் இருந்தது.

*

நேர்மையும் முழுச் சொந்தப் பணமும் இருந்தும் தப்பாகலாம். வாக்கோவியா வங்கிக்கு 2008 ஜூலையில் புதிதாகத் தலைமையேற்ற ராபர்ட் ஸ்டீல், வந்த கையோடு சுமார் 16 டாலர் விலையில் 10 லட்சம் பங்குகள் வாங்கினார். அக்டோபரில் வெல்ஸ் ஃபார்கோ அந்த வங்கியைப் பங்குக்குச் சுமார் 7 டாலருக்கு எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டது. வங்கி, கடன் நிறுவனம் போன்ற இடங்களில், வந்து சில வாரங்களே ஆன தலைவருக்கு உள்ளே புதைந்திருக்கும் வாராக்கடன் முழுதாகத் தெரிந்திருக்காது.

*

இப்படி அறிவித்து வாங்குவது சட்டப்படி சரி. வெளிவராத விலை மாற்றும் தகவலை வைத்து வாங்குவது குற்றம். இந்தியாவில் இது பெரிதாகப் பேசப்பட்ட முதல் வழக்குகளில் ஒன்று, 1996-ல் ப்ரூக் பாண்ட் லிப்டன் தன்னோடு இணையும் அறிவிப்புக்குச் சற்று முன்பு ஹிந்துஸ்தான் லீவர் அதன் 8 லட்சம் பங்குகளை யு.டி.ஐ.யிடம் வாங்கியது. செபி உத்தரவு போட்டது. மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. அமெரிக்காவில் கொழும்பில் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினம், கேலியன் ஃபண்ட் வழக்கில் 2011-ல் 11 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அதில் பேசப்பட்ட தகவல்களில் ஒன்று, 2008 செப்டம்பரில் வாரன் பஃபெட் கோல்ட்மேன் சாக்ஸில் 500 கோடி டாலர் போடப்போகிறார் என்பது. உங்கள் நண்பரின் நண்பர் ஒரு நிறுவனத்தின் உள்ளே வேலை பார்த்து, 'ரிசல்ட் பிரமாதம், இப்பவே வாங்கு' என்று சொன்னால், அதைக் கேட்டு வாங்கும் நீங்களும் செபியின் பார்வையில் உள்ளாளாகிவிடுவீர்கள்.

*

இந்தியாவில் புரமோட்டர், இயக்குநர், முக்கிய ஊழியர் என்ற இந்த வட்டத்துக்குள் இருப்பவர் வாங்கினால் ஆறு மாதத்துக்கு எதிர்ப் பரிவர்த்தனை செய்யக் கூடாது. இன்று வாங்கி அடுத்த வாரம் விற்க முடியாது என்று தெரிந்தே வாங்குகிறார். அவர் வாங்கிய மூன்றாம் நாளில் விலை ஏறவில்லையே என்று தவிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

*

எப்போது தேடுவது? காலாண்டு முடிந்த நாளிலிருந்து, முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும் வரை உள்ளிருப்பவர்களுக்கு 'டிரேடிங் விண்டோ' மூடியிருக்கும். வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. அதன்பின் நிறுவனத்தின் முன் அனுமதி பெற்று, ஏழு வர்த்தக நாட்களுக்குள் வாங்க வேண்டும். ஜூன் காலாண்டு முடிவுகளுக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 14. மார்ச் ஆண்டு முடிவுகளுக்கு மே 30. ஆக, மோசமான முடிவு வந்து பங்கு சரிந்த நிறுவனங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, ஜூன் முதல் இரண்டு வாரங்களிலும் ஆகஸ்ட் பின்பாதியிலும் அறிவிப்புப் பட்டியலைப் பாருங்கள். மோசமான எண்கள் ஊருக்கே தெரிந்த பிறகும், 'சந்தையில் வாங்கியது' என்ற கட்டத்தோடு யார் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள்.